காதல் பாட்டு கேட்ட நண்பர்களுக்கு...

"நல்ல காதல் பாட்டா நாலு சொல்லேன்"னு வகுப்புல யாராவது கேட்டா நான் உடனே சொல்றதில்லை. "யாருக்கு? எதுக்கு?"ன்னு ரெண்டு கேள்வி கேட்பேன். பெரிய பில்டப்பு குடுக்கறான்னு திட்டுவாங்க. திட்டட்டும். மெடிக்கல் ஷாப்புலகூட எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டுதானே மாத்திரை குடுக்கறாங்க!

காரணம் இருக்கு மக்களே. நாம பாதிப் பேர் பல்லவியோட காதை மூடிக்கிறோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்காவோட நிச்சயதார்த்த வீடியோ பார்த்தேன். மோதிரம் மாத்தற இடத்துல பின்னணியில 'என்ன சத்தம் இந்த நேரம்'. எஸ்.பி.பி. குரல், இளையராஜா இசை, கேட்க சுகம்தான். ஆனா 'புன்னகை மன்னன்' (1986) படத்துல அது எங்க வருதுன்னு தெரியுமா? வீட்டுல சம்மதிக்கலைன்னு சாகறதுக்காக அருவி உச்சிக்கு வந்து நிக்கிற ஜோடிக்கான பாட்டு அது. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் குதிக்கிறாங்க. அவ செத்துப் போறா, அவன் மட்டும் பிழைச்சுக்கறான். இதுக்கு நடுவுல மோதிரம்!

இன்னொண்ணு 'கண்கள் இரண்டால்'. 2008ல வந்த 'சுப்ரமணியபுரம்'. ஜேம்ஸ் வசந்தன் இசை, தாமரை எழுதினது. நான் ஸ்கூல்ல படிச்ச காலத்துலயும் பசங்க பொண்ணுங்களைப் பார்த்தா இதைத்தான் முணுமுணுப்பாங்க. (படம் இன்னும் பார்க்காதவங்க அடுத்த வரியைத் தாண்டிக் குதிச்சிடுங்க.) அந்தப் பொண்ணு கடைசியில அவனைத் தனியா வரவழைச்சு, கொல்லக் காத்திருக்கறவங்க கையில விட்டுட்டுப் போயிடறா.

பாட்டைக் குறை சொல்லலை. படத்தை விட்டு வெளியே வந்த பாட்டுக்குத் தனி வாழ்க்கை உண்டு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு நண்பனுக்கோ தோழிக்கோ எடுத்துக் குடுக்கறோம்னா, அது அவங்க இப்போ இருக்கற நிலைமைக்குள்ள போய் உட்காரப் போகுது. அதனாலதான் ரெண்டு கேள்வி.

எனக்கு இந்தப் பாட்டுப் பைத்தியம் பிடிச்ச இடம் பெரிய மார்க்கெட். வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: புதுச்சேரியில நேரு வீதிக்கும் காந்தி வீதிக்கும் பக்கத்துல இருக்கற மார்க்கெட். போர்டுல குபேர் அங்காடி. புதுச்சேரியோட முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பேரை வச்சிருக்காங்க. ஆனா ஆட்டோவுல ஏறி அந்தப் பேரைச் சொன்னா டிரைவர் ஒரு நொடி யோசிப்பார். பெரிய மார்க்கெட்டுன்னா கேள்வியே இல்லாம வண்டி நகரும். மீன் வாடை, மசாலா வாடை, மல்லி வாசனை மூணும் பத்தடிக்குள்ள மாறி மாறி வர்ற இடம் எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான்.

அங்க என் அத்தை பூ விக்கறாங்க. காலேஜ் போறதுக்கு முன்னாடி தினமும் ஒரு மணி நேரம் நான் கடையில உட்கார்ந்து கணக்கு எழுதுவேன். பி.காம். படிக்கறதுல குடும்பத்துக்கு இதுவரைக்கும் கிடைச்ச ஒரே பிரயோஜனம் இதுதான். :-)

கடையில ஒரு சரிகம கார்வான் இருக்கு. உள்ளேயே 5000 பழைய பாட்டு போட்டு வர்ற பெட்டி. அத்தை பையன் முதல் சம்பளத்துல வாங்கிக் குடுத்தான். காலையில கடை திறந்ததும் அதைத்தான் முதல்ல ஆன் பண்ணுவாங்க. அப்புறம்தான் உதிரிப்பூ மூட்டையே பிரிப்பாங்க. கை பாட்டுக்கு நார்ல பூவைக் கட்டிட்டே இருக்கும். முகூர்த்த நாள்னா பேசக்கூட நேரம் இருக்காது, ஆனா பாட்டு மட்டும் ஓடிட்டே இருக்கும்.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அந்தக் கை நிக்கும். பி.சுசீலா பாடின 'சொன்னது நீதானா'.

'நெஞ்சில் ஓர் ஆலயம்' படம். 1962. ஸ்ரீதர் இயக்கம், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். கணவன் முத்துராமன் நோயாளி. மனைவி தேவிகா. வைத்தியம் பார்க்க வேண்டிய டாக்டர் கல்யாண்குமார், தேவிகாவோட பழைய காதலர். தான் செத்துட்டா நீ அந்த டாக்டரைக் கல்யாணம் பண்ணிக்கோன்னு கணவனே சொல்லிடறான். அதுக்கு மனைவி சொல்ற பதில்தான் அந்தப் பாட்டு.

நான் முதல்ல கேட்டப்போ "என்ன அத்தை இது, ஒரே அழுகாச்சி"ன்னேன். அத்தை ஒண்ணும் சொல்லலை. மாமா இறந்து ஒன்பது வருஷம் ஆகுது. ஊர்ல உள்ள எல்லாத் தலைக்கும் பூ கட்டற அத்தை, தன் தலையில வைக்கறதில்லை. ரொம்ப நாள் கழிச்சு ஒருநாள் அவங்களாவே சொன்னாங்க, ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ மாமாவும் அந்த மாதிரி ஏதோ சொன்னாராம். என்ன சொன்னாருன்னு அவங்க சொல்லலை. நானும் கேட்கலை. அந்தப் பாட்டை இப்போ அழுகாச்சின்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

எங்க செட்டுல ஒரு பையன். பேர் வேண்டாம். நல்லவன், நோட்ஸ் கேட்டா முகம் சுளிக்காம குடுப்பான். வேற டிபார்ட்மெண்ட் ஜூனியர் பொண்ணு ஒருத்திகிட்ட போய்க் காதலைச் சொன்னான். அவ தெளிவா, மரியாதையா, "வேண்டாம்ணா, எனக்கு அந்த எண்ணம் இல்லை"ன்னு சொல்லிட்டா. அன்னைக்கு ராத்திரியே நண்பர்கள் எல்லாம் சேர்ந்து வாட்ஸ்அப்ல அவனுக்குப் பாட்டு அனுப்ப ஆரம்பிச்சாங்க. என்ன மாதிரி பாட்டுன்னு நான் சொல்லணுமா? எல்லாம் சூப் சாங்.

2011 நவம்பர்ல 'ஒய் திஸ் கொலவெறி' வந்து உலகமே அதைப் பாடினப்போ நான் ஆரம்பப் பள்ளியில இருந்தேன். சூப் பாய், சூப் சாங்குன்னு சொல்றதை ஊர் முழுக்கப் பரப்பினது அந்தப் பாட்டுதான். அது தமாஷ், நானும் கூடச் சேர்ந்து ஆடினவதான். அதே வருஷம் 'மயக்கம் என்ன' படத்துல வந்த 'காதல் என் காதல்' வேற ரகம். அவளை அடிக்கச் சொல்லி, உதைக்கச் சொல்லி ஆம்பளைங்க கும்பலா பாடறது. மெட்டு சூப்பர். ஜி.வி.பிரகாஷ் மெட்டு, அதான் பிரச்சினையே. சுமாரான மெட்டா இருந்தா அந்த வார்த்தையை ஒருத்தனும் வாய்விட்டுப் பாட மாட்டான். நல்ல மெட்டுங்கறதால பஸ்ல, ஹாஸ்டல்ல, கல்ச்சுரல்ஸ் மேடையிலன்னு இருநூறு பேர் ஒரே குரல்ல பாடறாங்க. கீழ உட்கார்ந்திருக்கற பொண்ணுங்களும் கைதட்டறோம்.

நண்பன் தினமும் ராத்திரி ஸ்டேட்டஸ் வைக்க ஆரம்பிச்சான். ஏமாத்திட்டா, கழட்டி விட்டுட்டா, காசைக் கரைச்சுட்டா... அந்தப் பொண்ணு அவன்கிட்ட ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்லை! அப்புறம் அவ பஸ் ஏறற இடத்துல போய் நிக்க ஆரம்பிச்சான். பேச மாட்டான், சும்மா நிப்பான். சும்மா நிக்கறதுதானேன்னு மத்த பசங்க சொன்னாங்க. அந்தப் பொண்ணு ஒரு ஸ்டாப் தள்ளி நடந்து போய் ஏற ஆரம்பிச்சா.

இதை நான் பெரிசு பண்றேன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு விஷயம். நம்ம புதுச்சேரி யூனியன் பிரதேசத்துலயே, காரைக்கால்ல, 2012 நவம்பர்ல தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்த ஒரு இளம் இன்ஜினியர் மேல ஆசிட் ஊத்தினான் ஒருத்தன். காதலை மறுத்ததுதான் காரணம். அவங்களுக்கு வயசு 23. மூணு மாசம் போராடி 2013 பிப்ரவரியில இறந்துட்டாங்க. பாட்டு கேட்டதாலதான் ஒருத்தன் ஆசிட் எடுத்தான்னு நான் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்றது அபத்தம். ஆனா "முடியாது"ன்னு சொன்னவ குத்தவாளி, கேட்டவன் பாதிக்கப்பட்டவன்னு ஒரு கணக்கு இருக்கு பாருங்க, அந்தக் கணக்கை நமக்கு யாரு மனப்பாடம் பண்ண வச்சாங்கன்னு யோசிக்கணும்.

கணக்குன்னதும் என் பாடத்துக்கு வந்துட்டேன். பொறுத்துக்கங்க.

ஒரு சனிக்கிழமை காலையில அவன் கடைப்பக்கம் வந்தான். வீட்டுக்கு மீன் வாங்க வந்தவன், என்னைப் பார்த்துட்டு நின்னான். "அவ மனசை மாத்தற மாதிரி ஒரு பாட்டு சொல்லேன், ஃபார்வர்ட் பண்றேன்"னான். "அந்த மாதிரி பாட்டு கிடையாதுடா"ன்னேன். அப்போ ஒரு அம்மா வந்து பக்கத்துக் கடையில முல்லை என்ன விலைன்னு கேட்டாங்க. சரத்தைத் தூக்கிப் பார்த்தாங்க, மோந்து பார்த்தாங்க, வச்சுட்டு நகர்ந்துட்டாங்க. அந்தக் கடைக்காரர் பின்னாடியே கத்தினார், வாங்க வக்கில்லைன்னா ஏன் கேட்கறேன்னு. அந்த அம்மா அடுத்து எங்க கடைக்கு வந்தாங்க. அத்தை விலை சொன்னாங்க. வேண்டாம்னுட்டாங்க. "சரி கண்ணு, போய்ட்டு வா"ன்னு சொல்லிட்டு அத்தை அடுத்த முழம் அளக்க ஆரம்பிச்சாங்க.

நான் அவன்கிட்ட கேட்டேன், "இப்போ அந்த அம்மா பேர்ல நான் நோட்டுல என்ன எழுதறது?"

"என்ன எழுதுவே? ஒண்ணும் வாங்கலையே."

"பதினொண்ணாங் கிளாஸ்ல படிச்சோமே... பற்பல கடனாளிகள், வாராக்கடன், ஐயக்கடன் ஒதுக்கு. அதுல எதாவது?"

"லூசா நீ? விற்பனையே நடக்கலை, கடனாளி எங்கேர்ந்து வருவாங்க?"

நான் சும்மா அவனையே பார்த்தேன். புரிஞ்சுதா இல்லையான்னு தெரியாது, முகத்தைத் திருப்பிக்கிட்டான். எனக்கு என்னமோ நம்ம சூப் சாங் எல்லாமே வாங்காத சரக்குக்குப் போட்ட பில்லு மாதிரிதான் படுது. நான் அவ்வளவு நேசிச்சேன், அவ்வளவு அலைஞ்சேன், அவ்வளவு செலவு பண்ணினேன், ஆகவே அவ எனக்குத் தரணும். கேட்காத ஆளுக்கு நீயா அனுப்பின சரக்குய்யா அது!

அப்புறம் கார்வான்ல தேடினா நேரமாகும்னு என் போன்லயே ஒரு பாட்டு போட்டேன். அதே 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. அதே கண்ணதாசன், அதே மெல்லிசை மன்னர்கள். ஏ.எல்.ராகவன் பாடின 'எங்கிருந்தாலும் வாழ்க'. காதலிச்சவ இன்னொருத்தர் மனைவியா கண்ணு முன்னாடி நிக்கும்போது அந்த டாக்டர் பாடறது. திட்டு இல்லை, சாபம் இல்லை, ஞாபகப்படுத்தறது இல்லை. நீ நல்லா இருன்னு மட்டும்தான்.

"ஐயோ தாத்தா காலத்துப் பாட்டு"ன்னான். ஆனா மீன் பையைக் கீழ வச்சுட்டு முழுசா கேட்டான். ஏ.எல்.ராகவன் நிறைய கலாட்டா பாட்டு பாடினவர். அவரைக் கூப்பிட்டு இந்தப் பாட்டைப் பாட வச்சிருக்காங்க. டி.எம்.எஸ். பாடியிருந்தா கம்பீரம் கூடியிருக்கும், பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடியிருந்தா மென்மை கூடியிருக்கும். ராகவன் குரல்ல அழுகையை அடக்கிட்டுச் சிரிக்கப் பார்க்கற ஒரு சாதாரண ஆள் இருக்கார். எனக்கு அதுதான் பிடிக்குது. 2020 ஜூன்ல அவர் இறந்தப்போ எங்க வயசுல நிறைய பேருக்கு அவர் யாருன்னே தெரியலை.

அத்தை நாரை நனைச்சுக்கிட்டே, "அப்படிச் சொல்றதுக்கு அந்த டாக்டருக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்"னாங்க. அவ்வளவுதான். நண்பன் மீனை எடுத்துட்டுப் போயிட்டான்.

அந்தப் பாட்டுல எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. கணவனைக் காப்பாத்திட்டு டாக்டர் செத்துடறார். ஏன் சாகணும்? காதல் கைகூடாத ஆம்பளை தமிழ் சினிமாவுல ஒண்ணு தெய்வமாகணும், இல்லை தாடி வச்சுக் குடிக்கணும், இல்லை கத்தி எடுக்கணும். மறுநாள் காலையில எழுந்து குளிச்சுட்டு வேலைக்குப் போறவனுக்குப் பாட்டு ரொம்பக் கம்மி. ஓரளவுக்கு அந்த வேலையைச் செய்யறது 'வாரணம் ஆயிரம்' (2008) படத்துல சுதா ரகுநாதன் பாடின 'அனல் மேலே பனித்துளி'ன்னு சொல்வேன். ஒரு பெரிய இழப்புக்கு அப்புறமும் இன்னொரு அன்பு வரலாம், வந்தா அது துரோகம் இல்லைன்னு ஹாரிஸ் ஜெயராஜும் தாமரையும் மெதுவா சொல்ற இடம். பிரிஞ்சு ஒரு வருஷமாவது ஆனவங்களுக்கு மட்டும்தான் இதைக் குடுப்பேன். மறுநாளே குடுத்தா அடிக்க வருவாங்க.

கல்யாணம் ஆகப்போற அக்காமார்களுக்கு நான் குடுக்கறது 'மன்றம் வந்த தென்றலுக்கு'. 'மௌன ராகம்', இதுவும் 1986. வாலி எழுதி எஸ்.பி.பி. பாடினது. இஷ்டமில்லாம கட்டிக்கிட்டு வந்த பொண்ணு, கல்யாணமான கையோட விவாகரத்து கேட்கறா. ஒரு வருஷமாவது ஆகணும்னு சட்டம் சொல்லுது. அந்த வீட்டுக்குள்ள கணவன் மோகன் பாடற பாட்டு. "கட்டினவன் நான், எனக்கு உரிமை இருக்கு"ன்னு ஒரு இடத்துலயும் அவர் பேச்சு போகாது. உன் மனசுல என்னதான் இருக்குன்னு கேட்டுட்டு நிக்கறார். தாலி கட்டினவருக்கே பில் போடத் தோணலை பாருங்க! (இதைக் கேட்ட ஒரு அக்கா, "எங்க வீட்டுக்காரருக்கும் லிங்க் அனுப்பு"ன்னாங்க.)

தூரத்துல இருக்கற ஜோடிகளுக்கு ஸ்வர்ணலதா. வேற யோசனையே வேண்டாம். 'அலைபாயுதே' (2000) 'எவனோ ஒருவன்', அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி 'சத்ரியன்' படத்துல 'மாலையில் யாரோ'. ரெண்டு வேற இசையமைப்பாளர், ரகுமானும் ராஜாவும், ஆனா காத்திருக்கறதுங்கற ஒரு விஷயத்துக்கு ரெண்டு பேரும் தேடிப் போனது ஒரே குரலை. 2010ல போயிட்டாங்க. ஹெட்செட் போட்டு, ராத்திரி விளக்கணைச்சுட்டுக் கேளுங்க. பஸ்ல வேண்டாம்.

காதலிக்க ஆரம்பிச்சிருக்கற பொண்ணுங்களுக்கு 'மின்னலே' (2001) படத்தோட 'வசீகரா'. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான். ஆனா அதை எழுதினது தாமரை, பாடினது பாம்பே ஜெயஸ்ரீங்கறதை மனசுல வச்சுக் கேட்டா வேற மாதிரி கேட்கும். ஒரு பொண்ணு தனக்கு என்ன வேணும்னு தானே சொல்றா. பக்கத்துல உட்கார்ந்து வாழ்க்கை நடத்தறதுல இருக்கற சின்னச் சின்ன ஆசைங்க. காதல்னா இவ்வளவு சாதாரணமான விஷயமும்தான்னு அந்தப் பாட்டுல தெரியும்.

அந்த நண்பன் கதை என்னாச்சுன்னு கேட்பீங்க. ஸ்டேட்டஸ் வைக்கறது கொஞ்ச நாள்ல நின்னுது. பஸ் ஸ்டாப்ல நிக்கறதும் நின்னுது. பாட்டால நின்னுதா, செமஸ்டர் வந்ததால நின்னுதா, அவன் அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சதால நின்னுதான்னு பந்தயம் கட்டினா நான் செமஸ்டர் மேலதான் கட்டுவேன். என்கிட்ட இப்போ நல்லாத்தான் பேசறான். பாட்டு மட்டும் கேட்கறதில்லை.

கேட்டது அந்தப் பொண்ணு. லைப்ரரி வாசல்ல பார்த்தப்போ, "அக்கா, நீங்க எல்லாருக்கும் பாட்டு சொல்வீங்களாமே, எனக்கு ஒண்ணு சொல்லுங்க"ன்னா. யாருக்கு, எதுக்குன்னு நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ரெண்டு நாள் டைம் கேட்டேன்.

ரெண்டு நாளும் தேடினேன். கடையில உட்கார்ந்து அத்தையையும் கேட்டேன். வேண்டாம்னு சொன்ன பொண்ணுக்கு ஒரு பாட்டு. சொல்லிட்டு, அதுக்காகக் குற்ற உணர்ச்சி இல்லாம, பயம் இல்லாம நடந்து போறவளுக்கு ஒரு பாட்டு. வேண்டாம்னு சொன்னவ கடைசி ரீல்ல சரின்னு சொல்ற பாட்டு நூத்துக்கணக்குல இருக்கு. சொன்னவளைத் திட்டற பாட்டு மூட்டை மூட்டையா இருக்கு. அவளுக்குன்னு ஒண்ணு எங்க ரெண்டு பேர் கைக்கும் சிக்கலை. "யாரும் எழுதலை போல"ன்னாங்க அத்தை.

கடைசியில 'சின்னச் சின்ன ஆசை' அனுப்பினேன். 'ரோஜா' (1992), ரகுமானோட முதல் படம், மின்மினி பாடினது. வைரமுத்துவுக்குத் தேசிய விருது வாங்கிக் குடுத்த பாட்டு. காதல் பாட்டே இல்லை அது. அந்தப் பாட்டுல கதாநாயகன் கிடையாது, ஒருத்தரும் அவளைத் துரத்தலை, அவ பாட்டுக்கு ஊரைச் சுத்தறா.

"இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கேனேக்கா"ன்னு பதில் வந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு மெசேஜ். "பழைய ஸ்டாப்லேர்ந்துதான் ஏறினேன். பஸ்ல கேட்டுட்டு இருக்கேன்."